அத்தான் கேட்ட மண் அறிக்கை

பேசாலை,
2012 மார்கழி 9.

மடுத் தாயின் காவலில் கடலுக்கு அக்கரையில் இருக்கும் மதிப்புக்குரிய அத்தான் சந்தியோகு அவர்களுக்கு,

மச்சான் இராயப்பு பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் லூசியாவும் கடையும் சுகம். மூன்றில் கடையின் சுகம்தான் சற்றுக் குறைவு. மழைக்குச் சீமெந்து மூட்டை கட்டிபட்டுவிட்டது. அங்கே இந்தியாவில் அகதி முகாமில் நீங்களும், அருள்நாயகி அக்காவும், பிள்ளைகள் றொஷேலும், ஜெனிஸ்ரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு செபத்திலும் கேட்கிறோம். சுகம் விசாரித்தாயிற்று. நீட்டி முழக்குவது உங்களுக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. ஆனாலும் இந்தக் கடிதம் நீளும், ஏனென்றால் நடந்தது நீளம்.

ஆடி மாதம் நீங்கள் எழுதிய கடிதத்தைக் கடையில் தராசுக்கு மேலே ஆணியில் குத்தி வைத்திருக்கிறேன். வங்காலையில் உங்கள் அப்பு விட்டுப்போன இரண்டு ஏக்கரும் இருபத்திரண்டு வருடம் சும்மா கிடந்த காணி, கடல்தண்ணீர் ஏறி இறங்கிய காணி. அது விளையும் என்று ஆய்வுகூடத்து அறிக்கை வந்தால் தை முப்பத்தோராம் திகதிக்கு முன் நாடு திரும்பப் பெயர் கொடுப்பேன், வராவிட்டால் பிள்ளைகளின் படிப்பைக் குழப்பிக்கொண்டு ஒன்றும் முளைக்காத வெறும் உப்புத் தரவைக்கு வந்து குந்தியிருக்க மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான பேச்சு. நானும் வியாபாரி, சரக்கைப் பார்க்காமல் விலை பேசாதவன். அக்கா தொலைபேசியில், "தம்பி, எப்பிடியாவது ஒரு நல்ல அறிக்கை எடுத்து அனுப்படா" என்று அழுதாள். அதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

அடுத்த நாளே ஒரு சொப்பிங் பையில் மண்ணை அள்ளிக்கொண்டு விவசாயக் கந்தோருக்குப் போனேன். அங்கே ஜெயந்தினி என்று ஒரு பிள்ளை, விவசாயப் போதனாசிரியர், வயதுக்கு மீறின கண்டிப்பு. "ஐயா, இது எங்க எடுத்தது?" என்றாள். "காணியில." "காணியில எங்க?" "பாதையோரம். இறங்கி நடக்கப் பஞ்சியாய்க் கிடந்தது." "பாதையோரத்தில மாடு நிக்கும், உழவு மெசின் எண்ணெய் ஒழுக்கும், போறவாற ஆக்கள் வெத்திலை துப்புவினம். இது உங்கட காணியின்ர மண் இல்லை ஐயா, றோட்டின்ர மண்" என்று பையை என் பக்கமே தள்ளிவிட்டாள். பிறகு முறையைச் சொன்னாள். காணிக்குள்ளே பாம்பு போவது போல வளைந்து வளைந்து நடந்து பத்து இடத்தில் நிற்க வேண்டும். புல்லை வழித்துவிட்டு ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி, மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் ஒரு துண்டு சீவ வேண்டும். பத்தையும் வாளியில் கலந்து, பரப்பி, மேலே ஒரு சிலுவை கீறி நாலாகப் பிரித்து, எதிரெதிர் மூலை இரண்டையும் வீசிவிட வேண்டும். மிச்சத்தைக் கலந்து மறுபடி சிலுவை, மறுபடி வீச்சு. அரைக் கிலோ வரும்வரை இதே வேலை. பிறகு நிழலில் காயவைக்க வேண்டும். மண்ணில் சிலுவை கீறுகிற வேலை என்றதும் எனக்கு மனதுக்குப் பிடித்துவிட்டது. ஒன்றும் பிசகாமல் செய்தேன். பக்கத்துக் காணியில் குடிசை போட்டிருக்கிற சிவக்கொழுந்து அக்கா கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றா. "என்ன முதலாளி, சீமெந்து முடிஞ்சு இப்ப மண்ணையும் கடையில போட்டு விக்கப்போறீரோ?" என்று கேட்டா. பத்து இடத்தில் குனிந்த ஆளுக்கு நாரி நிமிர்ந்தால்தானே வாய் திறக்கும்.

மூன்று கிழமையில் அறிக்கை வந்தது. ஜெயந்தினி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள். "ஐயா, இந்த உப்பில கத்தரி இல்லை, உப்புத் தண்ணியில வளருற கண்டல்மரமும் நிக்காது. கடலுக்கே இவ்வளவு உப்பு இருக்குமோ தெரியாது. இதை எதில கலந்தனீங்கள்?" "வாளியில." "என்ன வாளி?" "கடைக்குப் பின்னால மீனுக்கு உப்புப் போடுற வாளி. கழுவினனான் பிள்ளை, மூண்டு தரம் கழுவினனான்." "எதில காயவைச்சனீங்கள்?" "நிழலிலதான். கருவாட்டுப் பாயில." அந்தப் பிள்ளை மிச்ச மண் இருந்த பொட்டலத்தைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனாள். "சீலாவோ, கட்டாவோ?" என்றாள். "கட்டா" என்றேன்.

இரண்டாம் முறை புது வாளி, புதுப் பாய். கருவாட்டுக் கொட்டில் பக்கமே போகாமல் வீட்டு விறாந்தையில் காயவைத்தேன். இந்த முறை வந்த அறிக்கையைப் பார்த்து நானே மேசையில் தட்டினேன், உப்பும் குறைவு, காரமும் குறைவு, எல்லாம் அளவோடு. அன்றைக்கே உங்களுக்குத் தந்தி போல ஒரு கடிதம் எழுதி முத்திரையும் ஒட்டியாயிற்று. நல்லகாலம், ஜெயந்தினிக்கு அது பிடிபடவில்லை. மிச்ச மண்ணை நனைத்து விரலுக்கு நடுவில் உருட்டினாள். களிமண் என்றால் நூல் போல நீண்டு வளையம் போடலாம், மணல் என்றால் நூலே வராது, உதிரும். இது பாதி வளையத்தில் வெடித்தது. பிறகு மேசையில் பரப்பி, ஊசிமுனையால் ஒரு சின்னச் சிவப்புச் சரளைக் கல்லை எடுத்து வைத்தாள். "ஐயா, இது காட்டுச் செம்மண். வங்காலைக் கரையில இது கிடையாது. இவ்வளவு தூரம் நடந்து வந்ததோ?" வீட்டுக்கு வந்து லூசியாவிடம் கேட்டேன். மனுசி கண்ணை நிலத்தில் போட்டாள். "ஆவணித் திருநாளுக்கு மடுவில இருந்து கொண்டுவந்த மண்ணில ஒரு பிடி போட்டனான். பாம்பு தீண்டின விசத்துக்கே அந்த மாதா கோயில் மண் கேக்குது, இந்தக் காணிக்குக் கேக்காதோ?" "ஒரு பிடியோ?" "ரெண்டு." "லூசியா!" "சரி, டப்பா முழுக்க. அக்கா வரவேணுமெண்டுதானே போட்டனான், எனக்கெண்டே போட்டனான்?" அதற்கு மேல் ஏசினால் நான் மனுசனில்லை. முத்திரையைக் கிழிந்துபோகாமல் உரித்து எடுத்துக்கொண்டு கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

மூன்றாம் முறை எங்கள் குடும்பத்தை நம்பாமல் ஜெயந்தினி தன் ஸ்கூட்டியில் தானே வந்துவிட்டாள். காணி நடுவில் இடுப்பளவுக் கிடங்கு வெட்டச் சொன்னாள். வெட்டினவன் நான், விளக்கம் சொன்னவள் அவள். மேலே சாம்பல் நிறம், அதற்குக் கீழே நீலம் பாய்ந்த களி, அதற்கும் கீழே சிப்பித் துண்டுகள். "கடல் பின்வாங்கின இடம் ஐயா. கடல் சேறு விட்டது, அருவியாறு வெள்ளத்தோட களி கொண்டுவந்து மூடினது, புல்லும் பூச்சியும் செத்துச் செத்து மேல்மண் ஆக்கினது. கல்லில இருந்து மண் வாறதெண்டால் வெயிலும் மழையும் வேரும் சேர்ந்து அரைக்கவேணும். ஓரங்குல மேல்மண்ணுக்கு ஐந்நூறு வருசமும் எடுக்கும்." "அவ்வளவு காலம் அத்தானை முகாமில வைச்சிருக்கமாட்டினம் பிள்ளை" என்றேன். அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

அன்றைக்கு அவள் தன் கையால் மண் எடுத்து அனுப்பி வந்ததுதான் மெய்யான அறிக்கை, அத்தான். மறைக்காமல் எழுதுகிறேன். புளிப்பும் காரமும் அளக்க ஒரு கணக்கு இருக்கிறது, பூச்சியத்தில் தொடங்கிப் பதினாலில் முடியும். ஏழு நடு. தேசிக்காய்ப்புளி இரண்டு, சவுக்காரத் தண்ணீர் பத்து. உங்கள் காணி எட்டே முக்கால். கொஞ்சம் முயன்றால் உடுப்புத் தோய்க்கலாம். உப்பு இருப்பது கூடப் பெரிய காரியமில்லையாம், அந்த உப்பிலுள்ள சோடியம்தான் வில்லங்கம் பிடித்தது. களித்துகள் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு தட்டு. தட்டைச் சுற்றிக் கதிரைகள் போட்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதிரைகளில் சோடியம் வந்து இருந்துவிட்டால் தட்டுகள் ஒன்றோடொன்று சேராமல் தள்ளுப்படும். மழைக்குக் கூழ், வெயிலுக்கு ஓடு. தண்ணீரும் கீழே இறங்காது, வேரும் இறங்காது. "அப்ப என்னெண்டு எழுப்புறது?" என்று கேட்டேன். "கல்சியத்தை அனுப்பவேணும் ஐயா. ஒரு கல்சியம் வந்தால் ரெண்டு சோடியம் எழும்பும்." எனக்கு உடனே விளங்கிவிட்டது. கொழும்பு பஸ்ஸில் இடுப்பில் பிள்ளையும் கையில் பையுமாக ஏறுகிற மனுசியைக் கண்டு இரண்டு பெடியன்கள் எழும்புகிற மாதிரி. எழும்பினவர்களை வாசலால் இறக்கிவிட மழைத்தண்ணீரும் வாய்க்காலும் வேண்டும், இல்லாவிட்டால் இறங்கினவன் பின்கதவால் திரும்பவும் ஏறிவிடுவான். கல்சியம் கொண்டுவருகிற சரக்கின் பெயர் ஜிப்சம்.

சரக்கின் பெயர் தெரிந்தால் இராயப்பு சும்மா இருப்பானா? நாலு ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். இருக்கிறதாம், மாசியில் வருமாம். மழையோ ஐப்பசியில் தொடங்கிவிடும். மழைக்கு முன் போட்டால்தான் கழுவும். "ஜிப்சம் எண்டு தனியத் தேடாதேங்கோ ஐயா, பிளாஸ்ரர் ஒஃப் பரிசும் தண்ணி பட்டு இறுகினால் அதேதான்" என்று ஜெயந்தினி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நான் ஸ்கூட்டி மறையும்வரைகூடப் பொறுக்கவில்லை, நேரே பங்குச் சுவாமியிடம் போனேன். கோயில் களஞ்சிய அறையில் செல்லடியில் உடைந்த புனிதர்களின் பிளாஸ்ரர் சுரூபங்கள் துணி போர்த்தபடி நிற்கிறதை வெள்ளையடிக்கச் சாமான் கொடுக்கப் போனபோது கண்டிருந்தேன். "சுவாமி, உடைஞ்ச சுரூபத்தை என்ன செய்யிறது?" "மந்திரிச்ச பொருள் இராயப்பு. எறியேலாது, விக்கேலாது. உருத் தெரியாமல் உடைச்சு மரியாதையாய் மண்ணில புதைக்கவேணும். எனக்குத்தான் நேரம் கிடைக்கேல்லை." "எந்த மண்ணில புதைக்கிறதெண்டு திருச்சபையில சட்டம் ஏதும் இருக்கோ சுவாமி?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சுத்தி வளைக்காமல் சொல்லு. உனக்கு என்ன வேணும்?" சொன்னேன். கதிரை, சோடியம், பஸ் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஒரு குடும்பம் திரும்பி வாறதுக்கெண்டால் அவை மறுப்புச் சொல்லாயினம்" என்றார். அவை என்றது புனிதர்களை.

தலையில்லாத அந்தோனியார், கையில்லாத செபஸ்தியார், சிறகொடிந்த சம்மனசுகள் இரண்டு, பாலன் குடிலில் நின்ற ஒட்டகம் ஒன்று, சூசையப்பர். பக்கத்துக் கோயில்களிலும் உடைந்த அச்சுகளும் பீடத்து அலங்காரங்களும் கிடைத்தன. ஒட்டகம் மந்திரித்ததா இல்லையா என்று ஒரு மணித்தியாலம் வாதம் நடந்தது. கடைசியில் பாலனுக்குப் பக்கத்தில் நின்றபடியால் சேர்த்துக்கொள்வதென்று முடிவாகியது. ஜெயந்தினி வந்து, முதல் வேலையாக நிறப்பூச்சு முழுவதையும் சுரண்டி எடுக்கச் சொன்னாள், பூச்சில் ஈயம் இருக்குமாம். பிறகு வினாகிரிப் போத்தலைத் திறந்து ஒவ்வொருவர் மேலும் ஒரு சொட்டு விட்டாள். எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். சூசையப்பர் மட்டும் நுரைத்துப் பொங்கினார். சுவாமி பதறிப்போய், "வேதப் புத்தகத்தில ஒரு வார்த்தை கதைக்காத மனுசன், இவரேன் பொங்கிறார்?" என்றார். "இவர் சீமெந்தும் சுண்ணாம்பும் பாதர். எங்கயோ ஒரு மேசன் செய்திருக்கிறார். இந்த மண்ணில சுண்ணாம்பு கரையாது, காரத்தைத்தான் கூட்டும்." ஆகவே சூசையப்பரைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனோம், இப்போது திருத்தி, கோயில் வாசலில் நிற்கிறார்.

மற்றவர்களைத் தூளாக்க வேண்டும். மிளகாய்த்தூள் மில்காரன், "அண்ணை, என்ர மிசினில செபஸ்தியாரோ? பிறகு நான் எங்க போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யிறது?" என்று கதவைச் சாத்திவிட்டான். லூசியா மாதா சபைப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து உரலில் போட்டாள். செபமாலை சொல்லிக்கொண்டே இடி, ஒரு அருள்நிறைந்த மரியாயே, ஒரு உலக்கைக் குத்து. ஐம்பத்துமூன்று மணியில் அந்தோனியார் முடிந்தார். சிவக்கொழுந்து அக்காவும் வந்து ஒரு உலக்கையைப் பிடித்தா. "நாங்கள் பிள்ளையாரைப் பிடிச்சுக் கும்பிட்டுப்போட்டுத் தண்ணியில கரைக்கிறம், நீங்கள் இடிச்சு மண்ணில கரைக்கிறியள். எல்லாச் சாமிக்கும் கடைசியில சேறுதான் தம்பி." சுவாமி கேட்காத மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தீர்த்தம் தெளித்தார், நான் வாய்க்கால் வெட்டினேன், தூளை விசிறிக் கொத்திப் புரட்டினோம்.

இரண்டு ஏக்கருக்கு இரண்டு தொன்னுக்கு மேல் தேவை. புனிதர்கள் எல்லோரும் சேர்ந்தும் கால் ஏக்கருக்குத்தான் காணும். ஆனால் மழைக்குப் பிறகு வந்து பாருங்கள் அத்தான், அந்தக் கால் ஏக்கரில் தண்ணீர் தேங்கவில்லை. மண்ணை அள்ளினால் அவல் மாதிரிப் பொலபொலவென்று உதிர்கிறது. பசளைக்காக விதைத்த சணல் முழங்கால் உயரம், மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. அந்தக் கால் ஏக்கருக்கு வெளியே ஒரு புல் இல்லை, வழித்த தலை போல. பக்கத்தில் சிவக்கொழுந்து அக்காவின் காணியைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கொஞ்சம் மேடு, மணலும் களியும் அளவாகக் கலந்த இருவாட்டி மண், ஒன்றும் போடாமலே கத்தரி கிளை முறியக் காய்க்கிறது. "என்ர மண் அப்பிடி" என்று அவ சொல்லுகிற தோரணையைக் கேட்க வேண்டும்.

ஆகவே, அத்தான், என் தீர்ப்பு இது. இன்னும் இரண்டு மாரி மழை, ஒரு லொறி ஜிப்சம், இரண்டு போகம் பசளைச் செடி. அதற்குப் பிறகு உப்புத் தாங்குகிற நெல் போடலாம். இந்த முறை பெயர் கொடுக்காதீர்கள். அக்காவும் லூசியாவும் இதைக் கேட்டால் என்னோடு கதைக்கமாட்டார்கள், எனக்கும் இதை எழுதக் கை வரவில்லை. இந்தப் பந்தியை மூன்று தரம் வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன், வந்துவிடுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று. கடைக்கு வருகிறவனுக்குக் கட்டிபட்ட சீமெந்தைக் கொடுக்காத நான், கூடப்பிறந்தவளுக்கு விளையாத காணியைக் கொடுக்கலாமா? 2014இல் வாருங்கள். அதுவரை வாய்க்காலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. றொஷேலுக்கும் ஜெனிஸ்ரனுக்கும் மாமாவின் முத்தங்கள், நல்லாய்ப் படிக்கட்டும். உங்கள் வீட்டில் சமாதானமும், சோற்றுப் பானையில் குறைவின்மையும், உங்கள் மூட்டுவலிக்கு ஆறுதலும் கிடைக்க ஆண்டவர் அருள் செய்வாராக.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத மச்சான்,
இராயப்பு

பி.கு: கடிதத்தை ஒட்டப் போன நேரத்தில் வங்காலையிலிருந்து ஆள் வந்தது. காணி எல்லை அளக்கச் சேவையர் வந்து நிற்கிறாராம், உடனே வரட்டாம். போனேன். பழைய வரைபடத்தை விரித்து, காணி உறுதியைப் பார்த்து, சங்கிலி பிடித்து அளந்தார்கள். உங்கள் காலத்து ஒழுங்கை கிழக்குப் பக்கம் இருந்ததாம். சண்டைக் காலத்தில் அதை மூடி மண் அணை கட்டிவிட்டபடியால் இப்போது பாதை மேற்குப் பக்கத்தால் வருகிறது. "ஒழுங்கையில இருந்து முதலாவது எங்கட, ரெண்டாவது சிவக்கொழுந்தின்ர" என்று நீங்கள் சொன்னதை நான் புதுப் பாதையிலிருந்து எண்ணிவிட்டேன். அவவும் அப்படியே எண்ணிவிட்டா. ஆகவே நான் குனிந்தது, கிடங்கு வெட்டியது, வாய்க்கால் இழுத்தது, புனிதர்களைப் புதைத்தது எல்லாம் அவவின் காணியில். கத்தரி காய்க்கிற இருவாட்டி மண் உங்களுடையது.

சிவக்கொழுந்து அக்கா கத்தரியையும் சணலையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு, "அப்ப என்ர காணியில அந்தோனியாரும் ஒட்டகமும் இருக்கினம் எண்டு சொல்லும். திருப்பிக் கேக்காதையும், தரமாட்டன்" என்றா. "கேட்டாலும் எடுக்கேலாது அக்கா, கரைஞ்சாச்சு. ஆனால் காணியை மாறவேணுமெல்லே?" என்றேன். அவ கடகத்தில் கத்தரிக்காயை நிறைத்து என் கையில் தந்துவிட்டுச் சொன்னா: "நாலு வருசமாய் அந்த மண்ணைக் கொத்தினவள் நான். காணிக்காரன் வந்து வரம்பில நிண்டு இது என்ர எண்டு சொல்லட்டும், அந்த நிமிசமே குடிசையைத் தூக்கிக்கொண்டு மற்றப்பக்கம் போறன். வாற மனுசனுக்கு மாறுவன். வராத மனுசனுக்கு நான் ஏன் மாறவேணும்?"

ஆகவே மேலே எழுதின தீர்ப்பை வெட்டிவிட்டு வாசியுங்கள். பெயரைக் கொடுங்கோ அத்தான்.